கங்காரு வந்து இறங்கும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆஸ்திரேலிய இறைச்சிக்கூடங்களில், காட்டில் சுட்ட கங்காரு உடல்களை வாங்கும் மேடையில் நிற்பவர்கள்தான் இந்த முறை அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: எந்த இனம், எப்போது சுட்டது, சில்லரில் (குளிரூட்டும் அறையில்) ஏறிய நேரம், தொடையின் உள்வெப்பம் ஆகிய நான்கையும் கடிதத்தில் எழுதுங்கள். அவை இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

ஒரு உடலில் அரசு டேக் (அடையாளச் சீட்டு) இல்லை. வேட்டைக்காரர் நாளைக்குக் கொண்டுவந்து மாட்டுகிறேன் என்கிறார். வாங்கலாமா?

கூடாது. டேக் சுட்ட இடத்திலேயே பூட்டப்பட வேண்டியது. மேடையில் மாட்டுகிற டேக்குக்கு மதிப்பில்லை, அனுமதித்தால் நீங்களும் உடந்தை.

குடலோடு சேர்த்து ஈரல், நுரையீரல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ரொம்பச் சுத்தமாக ஒரு உடல் வந்தது. நல்லதுதானே?

நல்லதல்ல. காட்டில் எடுக்க வேண்டியது இரைப்பையும் குடலும் மட்டுமே. இதயம், நுரையீரல், ஈரல், குண்டிக்காய் நான்கும் உடலோடு ஒட்டியே வர வேண்டும். நோய் இருக்கிறதா என்று பார்க்க நமக்கு வேறு வழியில்லை. வேட்டைக்காரர் எதையாவது பார்த்துவிட்டு அறுத்து எறிந்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. தள்ளுங்கள்.

நுரையீரலில் நீர் நிரம்பிய வெள்ளைப் பைகள். தொட்டால் எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

ஹைடாடிட் நாடாப்புழுவின் கட்டிகள். கிழக்குப் பகுதிக் கங்காருகளிலும் அவற்றின் சிறிய உறவான வாலபிகளிலும் அடிக்கடி பார்க்கலாம். மனிதருக்கு இது நாயின் மலத்தில் உள்ள முட்டையால் வருகிறது, இந்தப் பையைத் தொடுவதால் அல்ல. உறுப்பை ஒதுக்குங்கள், தசையிலும் இருந்தால் முழு உடலும் ஒதுக்கு. நாய்க்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், சுழற்சி அங்கேதான் மறுபடி தொடங்குகிறது.

லாரி டிஸ்ப்ளே 2 டிகிரி. துப்பாக்கி வடிவத் தெர்மோமீட்டர் 4 காட்டியது. தோலை உரித்தால் தொடை வெதுவெதுப்பாக இருக்கிறது. எது பிழை?

இரண்டு கருவியும் சரி, நீங்கள் அளந்த இடம்தான் பிழை. லாரி காட்டுவது காற்றின் வெப்பம். இன்ஃப்ராரெட் துப்பாக்கி காட்டுவது மயிர் நுனியின் வெப்பம். தோலோடு தொங்கும் கங்காரு கம்பளி போர்த்திய மாதிரி, வெளியே 4 என்றால் உள்ளே 15 இருக்கலாம். உடல் வாங்கும் மேடையில் அந்தத் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

குத்தும் தெர்மோமீட்டர் எடுங்கள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் பூஜ்யம் காட்டுகிறதா என்று தினமும் பாருங்கள். முனையை 82 டிகிரி வெந்நீரில் நனைத்துச் சுத்தம் செய்யுங்கள். மயிரின் வழியாகக் குத்தினால் அழுக்கு உள்ளே போகும், ஆகையால் வயிற்றைத் திறந்த வெட்டின் பக்கமிருந்து பின்தொடையின் பருத்த சதைக்குள் செலுத்துங்கள். எலும்புக்கு அருகில் போக வேண்டும், எலும்பைத் தொடக் கூடாது. எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். 7 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

எந்த உடலைக் குத்துவது என்பதும் முக்கியம். கதவோரம் தொங்கும் சின்ன உடலைக் குத்திவிட்டு டிக் போடுகிறார்கள். பெரிய ஆண் கங்காருவை, வரிசையின் நடுவில், மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில் தேடிக் குத்துங்கள்.

இதற்கெல்லாம் வேர் காட்டுச் சில்லரில் இருக்கிறது. இரவு சுட்டவை சூரியன் உதித்து 2 மணி நேரத்துக்குள் குளிரில் ஏற வேண்டும், ஏறியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் உள்வெப்பம் 7க்கு இறங்க வேண்டும். சூடான உடல்களை ஒன்றோடொன்று உரச நெருக்கித் தொங்கவிட்டால் காற்று புகாது, நடுவில் இருப்பவை இறங்கவே இறங்காது. பிறகு லாரியில் குளிர்ந்துவிடும் என்று அனுப்புகிறார்கள். லாரியின் இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்ததைக் காப்பதற்கு, சூட்டை இறக்குவதற்கு அல்ல. இடுப்பு மூட்டருகே சதை அழுகத் தொடங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. குத்தி எடுத்த முனையை முகர்ந்து பாருங்கள், மூக்கு சொல்லும். பச்சை நிறம் தெரியும்வரை காத்திருப்பவர் தாமதமாக வந்தவர். டாக்கெட்டில் (உடல்களோடு வரும் விவரச் சீட்டில்) உள்ள நேரங்களையும் ஒத்துப் பாருங்கள். காலி இடம் விட்ட டாக்கெட்டை வாங்காதீர்கள்.

குடல் கிழிந்து உள்ளே சாணம் பட்டிருக்கிறது. ஹோஸ் போட்டுக் கழுவினால் போதுமா?

கழுவாதீர்கள். ஓரிடத்தில் இருப்பதைத் தண்ணீர் உடல் முழுக்கப் பரப்பும். சிறிதாக இருந்தால் கத்தியால் சீவி எடுங்கள், கத்தியை 82 டிகிரியில் நனைத்த பிறகே அடுத்த வெட்டு. உட்புறம் பூராவும் பட்டிருந்தால் ஒதுக்குங்கள். 2009 ஆகஸ்டில் ரஷ்யா ஆஸ்திரேலியக் கங்காரு இறைச்சியை நிறுத்தியது பாக்டீரியா மாசைக் காட்டித்தான். அப்போது மிகப் பெரிய வெளிநாட்டு வாங்குபவர் ரஷ்யாதான்.

தலை இல்லாமல்தானே வருகிறது. தலையில்தான் சுட்டார்கள் என்று எப்படித் தெரியும்?

வெட்டு எங்கே என்று பாருங்கள். மண்டையோடு முதலாவது கழுத்தெலும்போடு சேரும் மூட்டில் தலை பிரிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே வெட்டியிருந்தால் கழுத்துக் குண்டை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிப்பது நியாயம். உடலில் குண்டுத் துளை இருந்தால் பேச்சே இல்லை, தள்ளுங்கள். மூளையில் பாயாத குண்டு விலங்குக்கு வதை, கறிக்கும் ஈயத் துகள், குடல் மாசு என்று இரண்டு கேடு.

முழங்கால் பக்கம் நூல் போல வெள்ளைப் புழுக்கள்.

பெலெசிட்டஸ் ரோமெரி என்ற ஒட்டுண்ணிப் புழு. மனிதருக்கு நோய் தராது, ஆனால் யாரும் அதைத் தட்டில் பார்க்க விரும்ப மாட்டார்கள். மூட்டைச் சுற்றிய சதையை வெட்டி எடுங்கள், நிறைய இருந்தால் ஒதுக்குங்கள்.

லேசாக ஒரு மாதிரி வாடை. எடுக்கலாமா?

எந்த இடத்தில், எத்தனை டிகிரியில், எத்தனை நாள் ஆனது? ஒன்றும் எழுதவில்லை. எடுக்காதீர்கள்.

செல்லப்பிராணி உணவுக்கு வந்த உடல்களில் சில அருமையாக இருக்கின்றன. மனிதர் வரிசைக்கு மாற்றலாமா?

மாற்றவே கூடாது. அந்த வழியில் நுழைந்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வராது. ஒரே சில்லரில் கலந்து தொங்கவிடவும் கூடாது.

எங்கள் கூடத்தில் காட்டுப்பன்றியும் வருகிறது. கங்காருவுக்குப் போடும் கையுறையே போதுமா?

குயின்ஸ்லாந்து, வடக்கு நியூ சவுத் வேல்ஸ் பன்றிகளில் புரூசெல்லா சூயிஸ் என்ற, மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா உண்டு. கையில் கீறல் இருந்தால் மூடி, நீர் புகாத கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். வீங்கிய விரை, சினைப் பன்றியின் கருப்பை இரண்டையும் வெட்டித் திறக்காதீர்கள். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, இரவு வியர்வை வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையே பன்றி வேலை என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். விலங்குகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் தோல் சோதனையும் ரத்தச் சோதனையும் கட்டாயம், தோல் சோதனை முடிவு பார்க்க ஒரு வாரம் ஆகும். வேலைக்குச் சேரும் முன்பே தொடங்குங்கள்.