16 மீட்டர் என்றால் கிளம்பிவிட வேண்டும்

போன இதழில் பிலிப்பைன்ஸ் டைஃபூன் பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 2008 முதல் 2019 வரை மணிலாவை ஒட்டிய மரிகினா நகரத்தில் குடியிருந்தேன். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. வீட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத் தூரத்தில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

“என் மகன் பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கிறான். புயல் செய்தி வந்து போன் செய்தால், ‘சிக்னல் 1 தான்பா, பயப்படாதீங்க’ என்கிறான். அதை நம்பி இருக்கலாமா அம்மா?”
*(ஒரு தந்தை)*

அதை மட்டும் நம்ப வேண்டாம் ஐயா. அந்த சிக்னல் எண் காற்றை மட்டும் சொல்வது. 1 என்றால் மணிக்கு 39 முதல் 61 கிலோமீட்டர் வேகக் காற்று, 5 என்றால் 185-ம் அதற்கு மேலும். எவ்வளவு மழை கொட்டும், ஆறு எதுவரை ஏறும் என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது. மழைக்குத் தனியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறம் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டினால் சிவப்பு. இரண்டையும் அறிவிப்பது பகாசா என்ற அரசு வானிலை நிலையம்தான். ஆனால் ஜனங்கள் வாயில் நிற்பது சிக்னல் எண் மட்டுமே.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2009 செப்டம்பர் 26, சனிக்கிழமை. உலகம் கெட்சானா என்றும் அந்த ஊர் ஓண்டோய் என்றும் அழைத்த புயல். (அங்கே ஒவ்வொரு புயலுக்கும் இரண்டு பெயர் உண்டு. மகன் ஒரு பெயரும் டிவி ஒரு பெயரும் சொன்னால் குழம்ப வேண்டாம்.) அன்றைக்குக் காற்று என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மழை மட்டும் விடவே இல்லை. 24 மணி நேரத்தில் 455 மில்லிமீட்டர். பதினொரு மணிக்குக் கேட்டுக்கு அடியில் தண்ணீர் நுழைந்தது. வீட்டுக்கார அம்மா முதலில் மேலே தூக்கிக்கொண்டு ஓடியது பத்திரங்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை, அடுத்து அரிசி மூட்டையை. மூன்று மணிக்குள் கீழ்த்தளம் முழுசாக மூழ்கிவிட்டது. ராத்திரி முழுக்கத் தகரக் கூரை மேல் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மதியம்தான் படகு வந்தது.

அதனால், போனில் சிக்னல் எத்தனை என்று கேட்பதோடு விடாதீர்கள். மழை என்ன நிறம், பக்கத்தில் ஆறு ஓடுகிறதா, அது இப்போது எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று கேளுங்கள். மரிகினாவில் பாலத்தடியில் அளவு பார்த்து சைரன் ஊதுவார்கள். 15 மீட்டர் என்றால் மூட்டை கட்ட வேண்டும். 16 என்றால் கிளம்பிவிட வேண்டும். 18 என்றால் போகாதவர்களையும் கட்டாயமாக வெளியேற்றுவார்கள். உங்கள் மகன் இருக்கும் ஊரிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். அதை இன்றைக்கே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

“டைஃபூன் வேறு, நம் புயல் வேறா?”
*(பத்தாம் வகுப்பு மாணவி)*

இரண்டும் ஒன்றுதான் கண்ணு. பசிபிக்கின் வடமேற்கில் உருவானால் டைஃபூன், வங்கக் கடலில் உருவானால் சைக்ளோன், அட்லாண்டிக்கில் ஹரிக்கேன். கடல் மாறும்போது பெயர் மாறுகிறது.

“2013 ஹையான் புயலை முன்கூட்டியே கணித்துவிட்டார்கள். அதிபரே டிவியில் வந்து எச்சரித்தார். அப்படியும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தது எப்படி? அரசாங்கம் தூங்கிவிட்டதா?”
*(கல்லூரி ஆசிரியை)*

தூங்கவில்லை. நவம்பர் 7 இரவு அதிபர் அக்கினோ பேசியதை நானும் கேட்டேன். மறுநாள் விடியற்காலையில் புயல் குயுவான் என்ற ஊரில் கரையேறியது. அதற்குள் எச்சரிக்கை எல்லா மட்டத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த எச்சரிக்கை எந்த வார்த்தையில் போனது என்பதில்தான் கோளாறு. ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்றார்கள். புயல் தள்ளும் வேகத்தில் கடலே பொங்கி ஊருக்குள் ஏறுவதற்கு அப்படிப் பெயர். புயல் பலமாகத் தாக்கிய தக்லோபான் நகரத்தில் வாரே மொழி பேசுகிற மீனவருக்கும் சந்தைக்காரருக்கும் அது ஏதோ பெரிய அலை என்றுதான் பட்டது. புயல் காலத்தில் பெரிய அலை வராதா என்ன, எத்தனை பார்த்திருப்பார்கள்! வீட்டைக் காக்க ஆண்கள் தங்கிவிட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் மட்டும் அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். “சுனாமி மாதிரி வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே” என்று பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

காற்றுக்குத் தாங்கும் என்று நம்பி ஜனங்களைத் தங்கவைத்த கட்டடங்கள் சிலவற்றுக்குள்ளும் கடல் புகுந்தது.

அப்புறம் இன்னொன்று. பிலிப்பைன்ஸ் சட்டப்படி பேரிடர் வந்தால் முதலில் இறங்க வேண்டியது உள்ளூர் நிர்வாகம். நகராட்சியும், அதற்கும் கீழே பரங்காய் என்ற மிகச்சிறிய ஊராட்சியும். நல்ல ஏற்பாடுதான், எந்தத் தெருவில் எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்று அவர்களுக்குத்தானே தெரியும்? ஆனால் தக்லோபானில் அந்த ஊழியர்களும் போலீஸ்காரர்களும் அதே வெள்ளத்தில் கிடந்தார்கள். சொந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர் யாரை மீட்கப் போவார்? போன் இல்லை. சாலை முழுக்க இடிபாடு. விமான நிலையமே சிதைந்து கிடந்தது. மேலே இருந்தவர்கள் கீழே இருந்து தகவல் வரட்டும் என்று காத்திருக்க, கீழே தகவல் சொல்ல ஆள் இல்லை. அந்த வாரம் மணிலாவில் நிவாரணப் பொட்டலம் கட்டப் போயிருந்தேன். அரிசி, டப்பா மீன், நூடுல்ஸ், காபித்தூள். கூடம் நிறைய பொட்டலமும் ஆட்களும் இருந்தார்கள். அது போய்ச் சேரத்தான் வழியில்லை.

இதே புயலில் நடந்த இன்னொரு கதையையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். செபு மாகாணத்தின் கமோட்டஸ் தீவுகளை ஒட்டி துலாங் தியோட் என்று ஒரு குட்டித் தீவு. சுமார் ஆயிரம் பேர். புயலுக்கு முன்பே அத்தனை பேரையும் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தீவில் இருந்த வீடுகள் எல்லாம் போயின. ஒரு உயிர் கூடப் போகவில்லை. அந்த வட்டாரத்தில் ‘புரோக்’ என்று தெருவுக்குத் தெரு சிறு குழுக்கள் பல வருடமாக இயங்கிவந்தன. குப்பை அள்ளுவது, சேமிப்புப் பணம் வசூலிப்பது எல்லாம் அந்தக் குழுதான். தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டு அக்கா வந்து “கிளம்பு, படகு நிற்குது” என்றால் யார் மறுப்பார்கள்?

“‘பேரிடர் நிலை’ என்று அறிவிக்கிறார்களே, அதனால் சாதாரண ஜனங்களுக்கு என்ன கிடைக்கும்?”
*(வங்கி ஊழியர்)*

முதலில் விலை. அறிவித்த பகுதியில் அரிசி, டப்பா உணவு, குடிதண்ணீர், மெழுகுவத்தி மாதிரியான அத்தியாவசியப் பொருட்களின் விலை, அதிகபட்சம் 60 நாள், அப்படியே நிறுத்தி வைக்கப்படும். அப்புறம் பணம். 2010-இல் வந்த பேரிடர் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் வருமானத்தில் குறைந்தது 5 சதவீதத்தைப் பேரிடருக்கென்று எடுத்துவைக்க வேண்டும். அதில் 30 சதவீதம் உடனடி நிவாரணத்துக்கு. அறிவிப்பு வந்ததும் அந்தப் பங்கைத் திறக்கலாம். மிச்சம் 70, வருமுன் காக்க. வண்டி, படகு, பயிற்சி, கரை பலப்படுத்துவது. முன்பு 1978 ஆணை ஒன்றுதான் இருந்தது. ஓண்டோய்க்கு மறு வருடமே புதுச் சட்டம் வந்ததை நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

ஆனால் கணக்கு எழுதியவளாக எனக்கு ஒரு கவலை உண்டு. 5 சதவீதம் என்றால் பணக்கார நகரத்துக்குக் கோடிகள். மலையடிவாரத்து ஏழை ஊராட்சிக்கு ஒரு படகு வாங்கக்கூடக் காணாது. புயல் அதிகம் அடிப்பதோ அந்த மாதிரி ஊர்களில்.

பட்டியலும் ஒரு தலைவலி. 2009-இல் எங்கள் தெருவில் நிவாரணப் பட்டியலை வீட்டு எண்படி எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பெயர். அந்த வீட்டில் நான்கு குடித்தனம் இருந்தது. வாடகைக்கு இருந்த மூன்று குடும்பமும் விட்டுப்போயிற்று. கீழறையில் இருந்த தையல்காரப் பெண்ணுக்கு மெஷின், துணி எல்லாம் போய்விட்டது. வீட்டுக்கார அம்மா தனக்கு வந்த பெட்டியைப் பிரித்து நான்கு பங்கு போட்டார். மறு வாரம் நானே ஒரு நோட்டில் தெருவில் உள்ள ஒவ்வொரு அடுப்பையும் ஒரு குடும்பமாக எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியல் மழைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும் என்று அப்போதிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“வெள்ளத்துக்குக் காரணம் மழையா, அணையைத் திறந்துவிடுவதா?”
*(ஓய்வுபெற்ற பொறியாளர்)*

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை ஐயா, இரண்டும் சேர்ந்துதான். 2020 நவம்பரில் வாம்கோ புயலின்போது மாகாட் அணையில் ஏழு மதகுகளைத் திறந்தார்கள். ஏற்கெனவே மழையால் நிரம்பியிருந்த ககயான் பள்ளத்தாக்கில் அந்தத் தண்ணீரும் சேர்ந்தது. ராத்திரியில் கூரை மேல் நின்றபடி ஜனங்கள் போனில் உதவி கேட்டுப் பதிவு போட்டார்கள். நிரம்பிய அணையைத் திறக்காமல் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். புயல் வருவது இரண்டு மூன்று நாள் முன்பே தெரியுமே, அப்போதே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்கலாம் என்பதுதான் அந்த ஜனங்கள் கேட்டது. அது நியாயமான கேள்வி.

“வெளியேற்றியவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கிறார்கள். பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும்?”
*(ஆரம்பப் பள்ளி ஆசிரியை)*

நல்ல கேள்வி, யாரும் கேட்காத கேள்வி. குழந்தைகளுக்கான 2016 பேரிடர்ச் சட்டம் இதற்கென்றே வந்தது. பள்ளியை முகாமாக்கினால் முடிந்தவரை சீக்கிரம் காலி செய்ய வேண்டும், 15 நாளைத் தாண்டினால் எழுத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் வேறு கட்டடமே கிடையாது.

முகாமில் இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஓண்டோய்க்குப் பிறகு ஒரு வகுப்பறையில் எட்டுக் குடும்பங்களோடு ஆறு நாள் இருந்தேன். பெண்கள் துணி மாற்ற ஒரு திரை இல்லை. ராத்திரி கழிவறைக்கு இருட்டில் இருவர் மூவராகச் சேர்ந்து போனோம். அடுத்த புயலுக்கு “வீட்டிலேயே இருந்துக்கிறேன்” என்று ஒரு பெண் சொன்னால் அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு திரையும் ஒரு விளக்கும் இருந்தால் அவள் வருவாள்.

“வெள்ளத் தடுப்புக்கு அவ்வளவு பணம் செலவழித்தும் ஏன் பலனில்லை?”
*(சிறு வியாபாரி)*

செலவழித்ததாக எழுதியது எல்லாம் கட்டப்படவில்லை. 2025 ஜூலையில் அதிபர் மார்கோஸ் ஜூனியரே நாடாளுமன்ற உரையில் இந்தப் பணிகளில் நடந்த கொள்ளையைக் கண்டித்துப் பேசினார். தாளில் முடிந்து தரையில் இல்லாத வேலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. செப்டம்பர் 21-இல் மணிலாவில் மக்கள் திரண்டு தெருவில் இறங்கினார்கள். நவம்பரில் கல்மேகி புயல் செபுவில் ஆறுகளைக் குடியிருப்புகளுக்குள் திருப்பியது. கரைச்சுவர் போட்டதாகப் பில் எழுதியவர்களுக்கு அதன் பின்னால் குடியிருந்தவர்கள் ஞாபகமே வந்திருக்காதா? கணக்கு எழுதிப் பிழைத்தவள் நான். ஒரு பொய்யான பில் எத்தனை பேரைக் கொல்லும் என்று நினைக்கும்போது கை நடுங்குகிறது.

“கூரை மேல் ராத்திரி கழித்த பிறகும் பத்து வருடம் அதே வீட்டில் ஏன் இருந்தீர்கள் அக்கா?”
*(இளம் வாசகி)*

வாடகை குறைவு, வேலைக்குப் போக வாசலிலேயே ஜீப்னி (அந்த ஊர் ஷேர் வண்டி), அப்புறம் அந்த வீட்டுக்கார அம்மா. ஆற்றங்கரையில் இருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும். மேட்டில் வீடு கட்டிக் கொடுத்தாலும் அங்கே வேலை இல்லை என்றால் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்கள்.

2009-இல் தண்ணீர் நின்ற படியில் அந்த அம்மா சிவப்புப் பெயின்டில் கோடு போட்டு வைத்திருந்தார். 2020-இல் வாம்கோ வந்தபோது ஆறு 22 மீட்டர் தொட்டது என்று செய்தி பார்த்துவிட்டு இங்கிருந்து அவருக்கு போன் மேல் போன் போட்டேன். எடுக்கவில்லை. கடைசியில் அவரே கூப்பிட்டார். 16 மீட்டர் சைரன் ஊதியதும் பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு, தையல்காரப் பெண்ணையும் அவள் மெஷினையும் ஏற்றிக்கொண்டு, மேட்டில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். வீடு? “போய்ப் பார்த்தால்தான் தெரியும்” என்றார். இரண்டு நாள் கழித்துப் படம் அனுப்பினார். பழைய கோட்டுக்கு ஒரு படி மேலே சேறு.