18,000 வெள்ளி போதிதர்மர்: அடியில் துளை போட்டுவிடாதீர்கள்

சிங்கப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி. அவருடைய அப்பா 14 மாதங்களுக்கு முன் ஒரு பழம்பொருள் கடையில் சீனாவின் தேஹுவா ஊர் வெள்ளைப் பீங்கானில் செய்த போதிதர்மர் சிலையை 18,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார். ரசீதில் ‘மிங் காலம், 17ஆம் நூற்றாண்டு’ என்று, அதாவது சீனாவின் மிங் அரச வம்சத்துக் காலத்தது என்று இருக்கிறது. போன மாதம் ஏலக்காரர் ஒருவரிடம் காட்டினால், இது அண்மையில் செய்தது என்கிறார். காஞ்சிபுரத்திலிருந்து சீனா போனவராயிற்றே என்று பூஜை அறையில் வைத்து விளக்கேற்றிய மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். கேட்கப் போனால் கடைக்காரர் அவமானமாகப் பேசி, சிலையைத் திருப்பித் தந்தால் 12,000 தருகிறேன் என்கிறாராம். வழக்குப் போடலாமா?

அப்பாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பூஜை அறையும் கடைக்காரர் பேசிய பேச்சும் வழக்கில் ஒரு வெள்ளி கூட வாங்கித் தராது. ஒரே கேள்விதான்: அப்பா ரசீதில் உள்ள அந்த வரியை நம்பி வாங்கினாரா, தன் கண்ணை நம்பி வாங்கினாரா?

‘அப்பா இருபது வருஷமாகச் சீனப் பீங்கான் சேர்ப்பவர், முதுகில் ஹெ சாவ்சோங் முத்திரையைப் பார்த்ததுமே எடுத்துவிட்டார்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதையே அப்பா கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருக்கிறார். எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது அந்தச் செய்தியைத்தான். ஹெ சாவ்சோங் மிங் காலத்தின் கடைசியில் தேஹுவாவில் சிலை வடித்த பெரிய கலைஞர். அவர் முத்திரையைப் பல தலைமுறையாக யார் யாரோ பதித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. இங்கிலாந்தில் ஜெர்மன் ஓவியர் கப்ரியேல மூன்டர் வரைந்ததாகச் சொல்லி விற்ற போலி ஓவியத்தைப் பற்றி ஒரு வழக்கு நடந்தது. வாங்கியவர் ஜெர்மன் ஓவியங்களில் தொழில் செய்தவர், விற்றவரோ எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லியே விற்றவர். விற்றவரின் வார்த்தையை நம்பி வாங்கவில்லை என்று வாங்கியவர் தோற்றார். சிங்கப்பூரில் உள்ளதும் அதே விற்பனைச் சட்டம்தான். உங்கள் அப்பா வியாபாரி அல்ல, ரசீதில் காலம் தெளிவாக இருக்கிறது, அதனால் உங்கள் நிலை அதைவிட நல்லது. ஆனாலும் உறுதி சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது நான் உண்மையில் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். ஆய்வகத்துக்கு அனுப்பி வயதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பீங்கானைச் சூடாக்கி ஒளியை அளக்கும் அந்தச் சோதனைக்கு அடிப்பாகத்தில் துளைத்து மாதிரி எடுப்பார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் குவான்யின் என்ற பௌத்தத் தெய்வத்தின் சிலை ஒன்றுக்கு இப்படித்தான் செய்தார். முடிவு அவருக்குச் சாதகமாகத்தான் வந்தது, ஆனால் கடைக்காரர் சிலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மெருகில்லாத அடியில் இருந்த துளையில் விரலை வைத்து, ‘நான் கொடுத்த பொருள் இது இல்லை, திரும்ப எடுக்க மாட்டேன்’ என்றார். பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கும் வழி அன்றோடு அடைபட்டது. நஷ்டஈடு மட்டும்தான் மிச்சம், அதற்கு நிபுணர், மதிப்பீடு, செலவு என்று இரண்டு வருஷம் போனது. துடைப்பது, ஒட்டுவது, விளக்குக் கரியைச் சுரண்டுவது எல்லாமே இதே ஆபத்துதான். துளைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் கடைக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, ஆன்லைனில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார் என்கிறீர்கள். போலி என்று தெரிந்த பிறகு மிங் என்று சொல்லி விற்றால் அது மோசடிக் குற்றம், அப்புறம் பிரதிவாதி உங்கள் அப்பாதான்.

சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், உங்களுக்குப் பத்து மாதம் இருக்கிறது. வக்கீல் வர முடியாது, ரசீது அப்பா பெயரில் இருப்பதால் பொதுவாக அவர்தான் நின்று பேச வேண்டும். அந்த வாட்ஸ்அப்பை வைத்து அவரையே கேள்வி கேட்பார்கள். அதைத் தாங்குவாரா என்று யோசியுங்கள்.

என்னைக் கேட்டால் 15,000 கேளுங்கள், 13,000 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு சிலையைக் கொடுங்கள், இருவரும் கையெழுத்துப் போட்ட தாளில் இதோடு தீர்ந்தது என்று எழுதி வாங்குங்கள். கொடுக்கும் முன் முன்புறம், முதுகு முத்திரை, அடிப்பாகம் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள்.