சிக்கு விழாத ரீல் உண்டா? தூண்டில் கேள்வி பதில்

கேள்வி: ஆற்றிலும் குளத்திலும் தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை) போட்டு விரால் பிடிக்கிறேன். இதுவரை ஸ்பின்னிங் ரீல்தான். முதல் பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்க 8,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடையில் ‘18+1 பேரிங்’ என்று ஒன்றைக் காட்டி, இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது என்கிறார்கள். வாங்கலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: பேரிங் எண்ணிக்கையை விட்டுத் தள்ளுங்கள். வீச்சுக்கு உதவுவது ஸ்பூலை (லைன் சுற்றியிருக்கும் உருளை) தாங்கி நிற்கும் இரண்டு மூன்று பேரிங்தான். மற்றவை ஹேண்டில் குமிழிலும் கியர் தண்டிலும் உட்கார்ந்திருக்கும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட அவை நன்றாக உதவும்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் லூர்களை ஒவ்வொன்றாக டிஜிட்டல் தராசில் வைத்து எடை பாருங்கள். தவளை லூர்களில் 6 கிராமும் உண்டு, 15 கிராமும் உண்டு. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாது, லைன் வளையம் வளையமாகக் கழன்று போகும். பெய்ட்காஸ்டரில் பறக்கிற லூர்தான் ஸ்பூலை இழுத்துச் சுற்ற வேண்டும். லேசான லூருக்கு அந்தத் தெம்பு இருக்காது.

பெரும்பாலானவை 10 கிராமுக்கு மேல் என்றால் 34 மி.மீ. விட்டமுள்ள ஸ்பூல் கொண்ட சாதாரண லோ-புரொஃபைல் (உயரம் குறைந்த உடல்) ரீல் போதும். 7 முதல் 10 கிராம் என்றால் ஆழம் குறைந்த, எடை குறைந்த ஸ்பூலாகப் பாருங்கள். 5 கிராமுக்குக் கீழே போனால் ஸ்பின்னிங்கிலேயே இருங்கள். அந்த எடைக்கென்று பி.எஃப்.எஸ். (பெய்ட் ஃபினெஸ் சிஸ்டம்) என்ற தனி வகை இருக்கிறது, ஆனால் முதல் ரீலாக அதை வாங்குவது வீண் தலைவலி.

கடையில் தம்ப் பாரை (ஸ்பூலை விடுவிக்கும் கட்டைவிரல் பொத்தான்) அழுத்திவிட்டு ஸ்பூலை விரலால் சுண்டுங்கள். காந்த பிரேக் (ஸ்பூலின் வேகத்தைக் காந்தத்தால் அடக்குவது) என்றால் டயலை 0-வில் வைத்து ஒரு முறை, கடைசி எண்ணில் வைத்து ஒரு முறை. 0-வில் நெடுநேரம் சுற்ற வேண்டும், கடைசி எண்ணில் சட்டென்று நிற்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லையா, அந்த டயல் வெறும் அலங்காரம். மலிவு ரீல்களில் இது சாதாரணம். (டைவாவின் சில ரீல்களில் உள்ளிருக்கும் ரோட்டார் வேகம் பிடித்தால்தான் வெளியே வந்து காந்தத்தை நெருங்கும். அவற்றைப் பலமாகச் சுண்டிப் பார்க்க வேண்டும்.) பிறகு ஹேண்டிலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பின்பக்கமாகத் துளி கூட நகரக் கூடாது. பக்கத் தகட்டைக் கழற்றி மாட்டும்போது இடைவெளி விடாமல் உட்கார வேண்டும்.

ஷிமானோ, டைவா, அபு கார்சியா மூன்றிலும் தொடக்க நிலை ரீல்கள் உள்ளன. பெயர் தெரியாத 18+1-ஐவிட அவற்றில் 4 அல்லது 5 பேரிங் உள்ளதையே எடுப்பேன். 8,000 முழுவதையும் ரீலில் போட்டுவிடாதீர்கள். ராடும் லைனும் வாங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இருக்கிற ஸ்பின்னிங் ராடிலேயே பெய்ட்காஸ்டிங் ரீலை மாட்டிக்கொள்ள முடியாதா?
– விழுப்புரம் வாசகர்

பதில்: மாட்டலாம், வீசத்தான் முடியாது. ஸ்பின்னிங் ராடின் வளையங்கள் கீழ்நோக்கித் தொங்கும், முதல் வளையம் பெரிதாக இருக்கும். பெய்ட்காஸ்டர் ராடின் மேல்பக்கம் உட்கார்வது. ராடைத் திருப்பிப் பிடித்தால் கைப்பிடியில் விரல் மாட்டும் கொக்கியும் இருக்காது. 6.5 முதல் 7 அடி, மீடியம் ஹெவி (ராடின் விறைப்பு), லூர் எடை 7–28 கிராம் என்று எழுதிய காஸ்டிங் ராடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எடை எல்லை ராடின் கைப்பிடிக்குச் சற்று மேலேயே அச்சிட்டிருக்கும்.

கேள்வி: காந்த பிரேக், சென்ட்ரிஃபியூகல் பிரேக் என்கிறார்கள். கற்றுக்கொள்கிறவருக்கு எது நல்லது?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: வீசிய கணத்தில் லூரும் ஸ்பூலும் சேர்ந்தே வேகம் எடுக்கின்றன. அடுத்த நொடியில் காற்று லூரைத் தடுக்கிறது, ஸ்பூலைத் தடுக்க ஆள் இல்லை. லூர் கேட்பதற்கு மேல் ஸ்பூல் லைனைத் தள்ளுகிறது. தள்ளிய லைன் போக இடமின்றி ஸ்பூலுக்குள்ளேயே சுருண்டு சிக்காகிறது. பிரேக்கின் வேலை அந்த ஸ்பூலை அடக்குவதுதான்.

சென்ட்ரிஃபியூகலில் ஸ்பூலோடு சுற்றும் சிறு பிளாஸ்டிக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உராயும். வேகம் இரட்டித்தால் பிடி நான்கு மடங்காகும், வேகம் இறங்கினால் பிடியும் விட்டுவிடும். அதனால் வீச்சின் ஆரம்பத்தில் பலமாகப் பிடித்து, பிற்பகுதியில் லூரைத் தாராளமாகப் போகவிடும். தூரம் கிடைக்கும். ஆனால் கடைசிக் கட்டத்தில் கட்டைவிரல் விழிப்பாக இருக்க வேண்டும். காந்த பிரேக்கில் எதுவும் எதையும் தொடுவதில்லை. அலுமினிய ஸ்பூல் காந்தங்களுக்குப் பக்கத்தில் சுற்றும்போது உண்டாகும் சுழல் மின்னோட்டமே தடுக்கிறது. வீச்சு முழுவதும் அந்தத் தடை கூடவே வரும். கொஞ்சம் தூரம் குறையும், சிக்கும் குறையும்.

கற்றுக்கொள்ள, வெளியிலிருந்தே திருகும் காந்த டயல்தான் என் சிபாரிசு. எதிர்க்காற்று அடித்தால் இரண்டு எண் கூட்டிவிட்டு வீசலாம். பழைய பாணி சென்ட்ரிஃபியூகலில் அதற்குப் பக்கத் தகட்டைத் திறந்து கட்டைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். சேற்றுக் கரையில் நின்றுகொண்டு அதைச் செய்கையில் ஒரு கட்டை தவறி விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: டி.சி. (டிஜிட்டல் கன்ட்ரோல்) ரீல் வாங்கினால் சிக்கே விழாதாமே?
– சேலம் வாசகர்

பதில்: குறையும், நிற்காது. ஷிமானோவின் டி.சி. ரீலில் பேட்டரி கிடையாது. ஸ்பூல் சுற்றுவதிலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டு, உள்ளிருக்கும் சில்லு பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிறது. வீசும்போது கேட்கும் ‘விர்ர்’ சத்தம் அதுதான். ஆனால் லூர் தண்ணீரைத் தொடும்போது விரலால் ஸ்பூலை நிறுத்துவது உங்கள் வேலையே. இரண்டாவது ரீலாக வாங்குங்கள்.

கேள்வி: 5.4, 6.3, 7.1, 8.1 என்ற எண்களில் எதை எடுப்பது? இடது ஹேண்டிலா, வலதா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றும் என்பதே அந்த எண். லைன் நிறைந்த 34 மி.மீ. ஸ்பூலில் 5.4 என்றால் சுற்றுக்குச் சுமார் 57 செ.மீ. லைன் உள்ளே வரும், 6.3 என்றால் 67, 7.1 என்றால் 75. லைன் வெளியே போகப் போக ஸ்பூல் மெலிந்து இந்த அளவும் குறையும்.

விராலுக்கு 7.1 பக்கம் போங்கள். மீன் தவளையைக் கவ்வியதும் தளர்ந்த லைனைச் சுருட்டி, கொக்கியை ஏற்றி, புல்லுக்குள் நுழையும் முன் இழுத்து வந்தாக வேண்டும். கழிமுகத்தில் கொடுவாவுக்கு ஆழமாக நீந்தும் லூர் இழுப்பவருக்கு 5.4, 6.3 கைக்குச் சுகம். வேக கியரில் அதே லூர் மணிக்கட்டை வலிக்க வைக்கும். ஒரே ரீலில் இரண்டையும் சமாளிக்க வேண்டுமென்றால் 6.3.

ஹேண்டில் பக்கத்தைப் பொறுத்தவரை, ஸ்பின்னிங்கில் இடது கையால் சுற்றிப் பழகியவர் இடது ஹேண்டிலே வாங்கலாம், வீசிய பின் கை மாற்ற வேண்டியதில்லை. பெய்ட்காஸ்டரில் ஹேண்டிலைப் பக்கம் மாற்றிப் பொருத்த முடியாது என்பதால் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஷிமானோவில் 150 என்றால் வலது, 151 என்றால் இடது. டைவாவில் மாடல் பெயரின் கடைசியில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இடது.

கேள்வி: புது ரீல் வாங்கி, கடைக்காரர் சுற்றிக் கொடுத்த 20 பவுண்ட் பிரெய்டோடு (பின்னிய லைன்) வாவிக்குப் போனேன். முதல் வீச்சிலேயே எல்லாம் சிக்கு. வெட்டி எறிய வேண்டியதாகிவிட்டது. ரீலில் பழுதா?
– மட்டக்களப்பு வாசகர்

பதில்: ரீல் நன்றாகத்தான் இருக்கும். மெல்லிய பிரெய்டைப் போட்டுக் கொடுத்ததுதான் தவறு. அது தனக்குக் கீழிருக்கும் சுற்றுக்குள் புதைந்து கொள்ளும், அடுத்த வீச்சில் அங்கே பிடித்து நிற்கும், சிக்கு விழுந்தால் பிரிக்கவும் வராது. பழகும் வரை 12–14 பவுண்ட் நைலான் தங்கூசி போடுங்கள், தடிப்பு 0.35 மி.மீ. அளவில். 100 மீட்டர் போதும். ஸ்பூலின் விளிம்பிலிருந்து 3 மி.மீ. குறைவாக நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் ஸ்பூலின் கனமும் கூடும், சிக்கும் கூடும். கை பழகிய பின் 40 பவுண்ட் பிரெய்டுக்கு மாறலாம்.

அடுத்து ரீலை அமைப்பது. இதை வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம்.

நீங்கள் போடப்போகும் அதே லூரைக் கட்டுங்கள், பழகும் நாட்களில் 14 கிராம் அளவில். பிரேக் டயலை 10-க்கு 8-இல் வையுங்கள். ஹேண்டில் பக்கம் இருக்கும் சிறு டென்ஷன் குமிழை இறுக்கிவிட்டு, ராடை மார்பளவு உயரத்தில் நீட்டி, தம்ப் பாரை அழுத்துங்கள். லூர் அசையாது. குமிழை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். லூர் நிதானமாக இறங்கித் தரையைத் தொடும்போது ஸ்பூலும் அதோடு நிற்க வேண்டும், மிஞ்சினால் அரைச் சுற்று. அதற்கு மேல் சுற்றி லைன் தளர்ந்து மேலே எழும்பினால் குமிழைக் கொஞ்சம் இறுக்குங்கள். லூரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை வேண்டும். 14 கிராமுக்கு வைத்த அமைப்பில் 8 கிராம் லூரைப் போட்டால் சிக்கு நிச்சயம்.

பழகத் தொடங்கும் முன் திறந்த வெளியில் 30 மீட்டர் லைனை இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிஞ்சியிருக்கும் லைன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, இழுத்ததைத் திரும்பச் சுருட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு மோசமான சிக்கும் டேப்புக்குக் கீழே இறங்காது.

வீசும்போது லூர் ராடு நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கட்டும். வலது ஹேண்டில் ரீல் என்றால் மணிக்கட்டைத் திருப்பி ஹேண்டில் வானத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். வெடுக்கென்று உதறாமல், ராடு வளைந்து தானே தள்ளும்படி ஒரே சீராக வீசுங்கள். பெரும்பாலான சிக்கு அந்த உதறலில்தான் வருகிறது. லூர் பறக்கும்போது கட்டைவிரல் நுனி லைனை லேசாக உரசிக்கொண்டே இருக்கட்டும். லூர் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பு அழுத்தி நிறுத்துங்கள். எதிர்க்காற்றில் வேண்டாம், முதலில் காற்று முதுகில் படும்படி நின்று பழகுங்கள். சிக்கில்லாமல் பத்துப் பன்னிரண்டு வீச்சு போனால் பிரேக்கை ஒரு எண் குறைக்கலாம்.

சிக்கு விழுந்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் வளையம் முடிச்சாகிவிடும். டிராக்கை (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிடி) இறுக்கி, கட்டைவிரலால் சிக்கை ஸ்பூலோடு அழுத்திக்கொண்டு ஹேண்டிலை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு தம்ப் பாரை அழுத்தி லைனை மெல்ல வெளியே எடுங்கள். தடுக்கும் இடத்தில் மறுபடி அதையே செய்யுங்கள். பத்தில் எட்டு சிக்கு இப்படியே வந்துவிடும். மீதிக்கு, லைனுக்குக் குறுக்கே படுத்திருக்கும் வளையத்தைத் தேடி விரலால் தூக்கிவிடுங்கள். ஊசியோ கொக்கி முனையோ வேண்டாம். பிரித்த தங்கூசியை விரல்களுக்கு நடுவே உருவிப் பாருங்கள். வெள்ளையாக மடிந்த தடம் இருந்தால் அதுவரை வெட்டிவிடுங்கள், மீன் மாட்டும்போது அங்கேதான் அறும்.

கேள்வி: பிரெய்டு போட்ட புது ரீல். டிராக்கை முழுவதும் இறுக்கியும் பெரிய மீன் மாட்டினால் லைன் ஓடுகிறது. டிராக் வாஷர் போய்விட்டதா?
– ராமநாதபுரம் வாசகர்

பதில்: வாஷரில் கை வைக்கும் முன் ஸ்பூல் விளிம்பில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். லைனை எங்காவது கட்டிவிட்டு ராடை இழுங்கள். புள்ளி அசையாமல் லைன் மட்டும் வருகிறதா? மொத்த லைனும் ஒரே உருளையாக ஸ்பூலின் மேல் வழுக்குகிறது. பிரெய்டு வழவழப்பானது, வெறும் அலுமினியத்தில் பிடிக்காது. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலில் 5 முதல் 10 மீட்டர் நைலான் சுற்றி, அதன் முனையில் பிரெய்டை முடிந்து, ஈரத் துணியால் அழுத்திப் பிடித்தபடி இறுக்கமாகச் சுற்றுங்கள்.

புள்ளியும் சேர்ந்து சுற்றினால்தான் டிராக்கைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வாஷரில் தவறான எண்ணெய் இறங்கியிருக்கும். டிராக்கை ஸ்பிரிங் தராசு மாட்டி வைப்பது நல்லது, லைன் தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. 14 பவுண்ட் என்பது 6.3 கிலோ, எனவே 1.6 முதல் 2 கிலோ. அடர்ந்த புல்லில் தடித்த பிரெய்டோடு விரால் பிடிப்பவர்கள் முழுதும் இறுக்கியே வைப்பது வேறு கணக்கு. அங்கே மீனுக்கு லைன் கொடுத்தால் மீன் கைக்கு வராது.

கேள்வி: கடலோரத்தில் பயன்படுத்துகிறேன். சர்வீஸுக்கு எங்கள் ஊரில் ஆள் இல்லை. கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொடுக்கலாமா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: தாராளமாக. இந்த ரீலுக்குப் பிறந்த வீடே அதுதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பாரிஸ் என்ற சிற்றூரில் இருந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் செய்த பல்சக்கர ரீல்களிலிருந்துதான் இந்த வம்சம் வளர்ந்தது. அபு கார்சியாவின் ‘அபு’ கூட 1921-இல் ஸ்வீடனில் தொடங்கிய ஒரு கடிகாரத் தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கம்.

கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். டிராக் வாஷர்களைக் கழற்றும் வரிசையில் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பூல் பேரிங்குக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும், கிரீஸ் கூடாது. ஹேண்டில் பின்னால் சுற்றாமல் தடுக்கும் ரோலர் பேரிங்கிலும் கிரீஸ் கூடாது, போட்டால் வழுக்கி ஹேண்டில் பின்னோக்கிச் சுழலும். கிரீஸ் போக வேண்டிய இடம் பெரிய கியர்.

தினசரி வேலை உங்களுடையது. கடலிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மேலே லேசாகத் தெளித்துத் துடைத்துவிடுங்கள். குழாயைத் திருகி வேகமாக அடித்தாலோ வாளியில் முக்கினாலோ உப்பு உள்ளே போய்விடும். துடைத்த பின் டிராக்கைத் தளர்த்தி நிழலில் உலர்த்துங்கள். லைனை இடவலமாகப் பரப்பும் திருகு தண்டில்தான் உப்பும் மணலும் முதலில் சேரும். அதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஹேண்டிலைச் சுற்றும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் கியரைச் சந்தேகிக்கும் முன் அந்தத் தண்டைப் பாருங்கள்.