சிஸ்டர் பதில்கள்: ஒரு நாற்காலிக்கு அஞ்சு பேரு வேணும்

போன இதழ்ல பொது மருத்துவமனைகள்ல ஆள் பத்தாத நிலைமை பத்தி ரெண்டு மூணு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வந்து குவிஞ்சிடுச்சு. திட்டி எழுதினவங்க, அழுது எழுதினவங்க, உள்ளயே வேலை பாக்கறவங்க எல்லாரும் இருக்காங்க. பல வருஷம் வார்டுல டியூட்டி பாத்தவங்கற முறையில இந்தத் தடவ முழுப் பக்கத்தையும் இதுக்கே ஒதுக்கிட்டேன். பேரு போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால யாரு பேரும் போடல.

கேள்வி: சிஸ்டர், எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு வார்டுல படுத்திருந்தாங்க. நடுராத்திரி டிரிப்ஸ் முடிஞ்சு போச்சு, திரும்பத் திரும்ப போய் கூப்பிட்டேன், ரொம்ப லேட்டா வந்துட்டு என்கிட்ட எரிஞ்சு விழுந்தாங்க. இவங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?

பதில்: எரிஞ்சு விழுந்தது தப்பும்மா, அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பெத்த தாய் வலியில கிடக்கும்போது யாரா இருந்தாலும் கோவம் வரத்தான் செய்யும். ஆனா அந்த நேரத்துல அந்த சிஸ்டர் எங்க நின்னுட்டு இருந்திருப்பாங்கனு நான் சொல்றேன் கேளுங்க.

நைட் டியூட்டிக்கு வந்து முந்தின ஷிஃப்ட்கிட்டேருந்து பொறுப்பு எடுக்கும்போதே தெரிஞ்சிருக்கும், கூட வரவேண்டியவங்க லீவு, பதிலுக்கு ஆளு போடல, முழு வார்டும் இன்னிக்கு ஒருத்தர் தலையில. அன்னிக்கு ஆபரேஷன் ஆனவங்களுக்கு அரைமணி நேரத்துக்கு ஒரு தடவ பிபி, பல்ஸ் பாக்கணும், யூரின் அளவு குறிக்கணும். பத்து மணி ஊசி போட ஆரம்பிச்சா கடைசி பெட்டுக்கு போய் சேரும்போது பதினொண்ணு தாண்டிடும், நடுவுல காஷுவாலிட்டிலேருந்து புது கேஸ் ஒண்ணு ஸ்ட்ரெச்சர்ல வந்து நிக்கும், அதுக்கு பெட் போட்டு கேஸ் ஷீட் எழுதி டிரிப்ஸ் ஏத்த நரம்புல ஊசி போடறதுக்குள்ள அந்தக் கோடியில ஒரு பெரியவர் மாஸ்க்கை பிச்சு எறிஞ்சுட்டு மூச்சு வாங்குவார். அவரை விட்டுட்டு உங்க அம்மா டிரிப்ஸை மாத்த வர முடியாது. டிரிப்ஸ் தீர்ந்து போறது பாக்க பயமா இருக்கும், ஆனா குழாய்ல அந்த தண்ணி ஒரு அளவுக்கு மேல இறங்காம நின்னுடும், அந்தப் பெரியவர் மூச்சு அப்படி காத்திருக்காது. எதை முதல்ல பாக்கறது, எதை தள்ளிப் போடறதுனு அந்த ஒரு ஆளு விடிய விடிய மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டே இருக்கணும், தள்ளிப் போட்ட ஒவ்வொருத்தர் வீட்டாரும் வந்து கேப்பாங்க.

இது ஏதோ சிஸ்டருங்க சொல்ற சாக்கு இல்ல. அமெரிக்காவுல லிண்டா ஐக்கன்னு ஒரு செவிலியர் ஆராய்ச்சியாளர், பென்சில்வேனியா மாகாணத்துல 168 ஆஸ்பத்திரிகளோட கணக்கை எடுத்து 2002ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆபரேஷன் ஆனவங்களை பாத்துக்கற ஒரு நர்ஸ் தலையில ஒவ்வொரு நோயாளி கூடக்கூட, அந்த நோயாளிங்க 30 நாளுக்குள்ள இறந்து போற வாய்ப்பு 7 சதவீதம் ஏறுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நாலு பேரை பாக்க வேண்டியவங்க எட்டு பேரை பாத்தா 31 சதவீதம். இதை முதல் தடவ படிச்சப்போ எனக்கு கை காலெல்லாம் ஓடல, ஏன்னா நான் டியூட்டி பாத்த வார்டுல எட்டு பேர்ங்கறது ரொம்ப லேசான நாள்.

அதனால அம்மா, புகார் கண்டிப்பா எழுதுங்க. எழுதும்போது அந்த சிஸ்டர் கடுமையா பேசினாங்கனு மட்டும் எழுதாம, அன்னிக்கு ராத்திரி அந்த வார்டுல எத்தன நோயாளி, எத்தன சிஸ்டர் டியூட்டின்னும் சேத்து எழுதுங்க. முதல் வரிக்கு மெமோ கொடுத்து முடிச்சிடுவாங்க, ரெண்டாவது வரிக்குத்தான் மேல இருக்கறவங்க பதில் சொல்லியாகணும்.

கேள்வி: வருஷா வருஷம் இத்தன பேர் படிச்சு முடிச்சு வெளிய வர்றாங்க, எத்தனயோ பேர் வேலை இல்லாம இருக்காங்க. அப்பறம் எப்படி ஆளு பத்தலனு சொல்றீங்க? நம்பற மாதிரி இல்லையே.

பதில்: சரியான கேள்வி தம்பி. உலக அளவுலயே இந்தக் கூத்து நடக்குது. 2030 வாக்குல உலகத்துக்கு ஒரு கோடிக்கும் மேல சுகாதாரப் பணியாளர் குறைவா இருப்பாங்கனு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, அதே சமயம் படிச்ச நர்ஸ், டாக்டர் வேலை தேடி அலையற நாடுகளும் இருக்கு. ஆளு இல்லங்கறது ஒரு பிரச்சனை, ஆளுக்கு போஸ்ட் இல்லங்கறது வேற பிரச்சனை, ரெண்டுக்கும் வெளிய ஒரே பேருதான் வைக்கறாங்க.

போஸ்ட் எண்ணிக்கை எப்பவோ நிர்ணயம் பண்ணது. அதுக்கப்பறம் பெட் கூடும், ஓபி கூட்டம் ஏறும், புது கட்டடம் திறப்பாங்க, மெஷின் வரும், ஆனா சாங்ஷன் ஆன போஸ்ட் மட்டும் அப்படியே நிக்கும். அந்த பழைய கணக்குலயும் ரிட்டயர் ஆனவங்க இடத்த நிரப்ப மாட்டாங்க, ஏன்னா காலியிடம்னா சம்பளம் மிச்சம், பட்ஜெட் போடறவங்களுக்கு அது ஒரு வசதி. நிரப்பினாலும் காண்ட்ராக்ட்.

இதுல வெளிய யாரும் போட்டுப் பாக்காத ஒரு கணக்கு இருக்கு. வார்டுல ராத்திரி பகல் எந்நேரமும் ஒரு சிஸ்டர் இருக்கணும்னு வையுங்க, ஒரே ஒரு நாற்காலி. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பாத்தா அந்த நாற்காலிக்கே நாலு பேருக்கு மேல வேணும். லீவு, உடம்பு சரியில்லாதது, பிரசவ லீவு, ட்ரெயினிங் எல்லாம் சேத்தா அஞ்சு பேர். ஒரு வார்டுக்கு அஞ்சு சிஸ்டர் இருக்காங்கனு ஃபைல்ல எழுதியிருந்தா, உங்க கண்ணுக்கு எந்நேரமும் தெரியறது ஒரே ஒருத்தர்தான். அதுல ரெண்டு போஸ்ட் காலின்னா மீதி மூணு பேர் அந்த 168 மணி நேரத்தையும் பங்கு போட்டுக்கணும், ஆளுக்கு 56 மணி நேரம், லீவே எடுக்காம.

அப்படி ஓடறவங்கள்ல ஒருத்தர் முதுகு போச்சுனு விழுவாங்க, இல்லனா ராஜினாமா எழுதுவாங்க. அப்போ மிச்சம் இருக்கற ரெண்டு பேருக்கு இன்னும் சுமை. காலி போஸ்ட் அடுத்த காலி போஸ்ட்ட உண்டாக்குது, இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். ஓட்டைத் தொட்டியில தண்ணி ஊத்தற மாதிரி புதுசு புதுசா காலேஜ் திறந்துட்டே இருக்காங்க, உள்ள இருக்கறவங்க ஏன் போறாங்கனு உக்காந்து கேக்க ஆளு இல்ல. ஒரு ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் உருவாக பத்து வருஷம் கிட்ட ஆகும், ஆனா ஏற்கனவே இருக்கற ஒருத்தர் போகாம தடுக்க ஒழுங்கான டியூட்டி ரோஸ்டரும், நேரத்துக்கு லீவும், நிரந்தர வேலையும் போதும். இதத்தான் நான் தொண்டை கிழிய கத்திட்டு இருக்கேன்.

கேள்வி: நான் மூணு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ், காண்ட்ராக்ட். வெளிநாட்டுக்கு பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டேன். கூட வேலை பாக்கற அக்காங்க "எங்களை விட்டுட்டு போறியா"னு கேக்கறாங்க. துரோகம் பண்ற மாதிரி குத்துது.

பதில்: தங்கச்சி, போயிட்டு வா. துரோகம்னு யாரும் சொல்ல உரிமை இல்ல. மூணு வருஷம் ஒருத்தரை காண்ட்ராக்ட்லயே வச்சிருந்தவங்க கிட்ட கேக்க வேண்டிய கேள்விய உன்கிட்ட கேக்கறாங்க, அவ்ளோதான். அந்த அக்காங்க மேலயும் வருத்தப்படாத, நீ போனதும் உன் டியூட்டியும் அவங்க தலையிலதான் விழும், அந்த பயம்தான் அப்படி பேச வைக்குது.

உலகத்துல ஏழு நர்ஸ்ல ஒருத்தர் பிறந்த நாட்ட விட்டு வேற நாட்டுலதான் வேலை பாக்கறாங்க. பணக்கார நாடுங்க தன் சொந்தப் பிள்ளைங்கள போதுமான அளவு படிக்க வைக்காம, இன்னொருத்தர் செலவு பண்ணி வளத்தவங்கள கூப்பிட்டுக்கறது சுலபமா இருக்கு. இத ஒழுங்குபடுத்தத்தான் உலக சுகாதார நிறுவனம் 2010ல ஒரு நடத்தை விதி கொண்டு வந்துச்சு, 2023ல ஆளு ரொம்ப பத்தாத 55 நாடுகள் பட்டியல் போட்டு அங்கேருந்து ஆளை தீவிரமா இழுக்காதீங்கனு சொல்லுச்சு. ஆனா அந்த விதிய கட்டாயப்படுத்த முடியாது, மனசு வச்சா கடைபிடிக்கலாம். தனி ஆளு போறதுக்கு அதுல தடை எதுவும் இல்ல. அக்ரிமென்ட்ல பாதியில விட்டா பணம் கட்டணும்னு இருக்கான்னு மட்டும் வரிக்கு வரி படிச்சுட்டு கையெழுத்து போடு, உன்கிட்ட ஏஜென்ட் கமிஷன் கேட்டா அந்த இடத்துலயே நிறுத்திடு.

கேள்வி: டாக்டர் ரெண்டு நிமிஷம் கூட பேசல. மூஞ்சியே பாக்காம எழுதிக் கொடுத்துட்டார்.

பதில்: உலகம் முழுக்க இதே புலம்பல்தான். 67 நாடுகள்ல டாக்டர் ஒரு நோயாளிக்கு எவ்ளோ நேரம் கொடுக்கறார்னு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, 48 செகண்டுலேருந்து 22 நிமிஷம் வரைக்கும் இருந்துச்சு. உலக மக்கள்ல பாதிப் பேருக்கு அஞ்சு நிமிஷமோ அதுக்கும் கம்மியோதான். கிடைக்கற நேரத்துல முதல் வாக்கியத்துலயே எது ரொம்ப பயமா இருக்கோ அத சொல்லிடுங்க, அது கடைசியில எழுந்திரிக்கும்போது சொல்ற விஷயம் இல்ல. சாப்பிடற மாத்திரை அட்டைங்கள கையோட எடுத்துட்டு போங்க.

கேள்வி: என் பையன் பயிற்சி டாக்டர். முப்பது மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பாத்துட்டு வந்து ஷூவைக் கூட கழட்டாம தூங்கறான். கேட்டா "எங்க சீனியருங்களும் இப்படித்தான்மா வந்தாங்க"ங்கறான். இது சரியா?

பதில்: சரியில்லங்க, ஒரு சதவீதம் கூட சரியில்ல. சீனியருங்க பட்டாங்கங்கறதுக்காக அது சரியாயிடாது. நியூயார்க்ல 1984ல லிபி ஜயான்னு 18 வயசு பொண்ணு ஆஸ்பத்திரியில சேந்த ஒரே ராத்திரியில இறந்து போச்சு, பாத்துக்கிட்டது தூக்கமில்லாம நிறைய நோயாளிகள பாத்துட்டு இருந்த பயிற்சி டாக்டருங்க. அந்தப் பொண்ணோட அப்பா விடாம போராடினார், அதுக்கப்பறம்தான் அந்த மாகாணத்துல வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாதுன்னு விதி வந்துச்சு, 2003ல அமெரிக்கா முழுக்க வந்துச்சு. 80 மணி நேரமே எனக்கு கொடுமையாத்தான் படுது, ஐரோப்பாவுல 48 மணி நேரம்னு வச்சிருக்காங்க. 2004ல வந்த ஒரு ஆய்வுல, ஐசியூவுல நீண்ட ஷிஃப்ட் பாத்த பயிற்சி டாக்டருங்க, குறைவான நேரம் பாத்தவங்கள விட 36 சதவீதம் அதிகமா பெரிய தவறுகள் பண்ணினாங்கனு தெரிஞ்சுது. கெட்டிக்காரப் பிள்ளைங்கதான், தூக்கம் இல்லனா மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

டியூட்டி முடிஞ்சு அவன வண்டி ஓட்டிட்டு வர விடாதீங்க. நாலு நண்பர்கள் சேந்து எந்தத் தேதி எத்தன மணிக்கு உள்ள போனோம், எப்ப வெளிய வந்தோம்னு எழுதி வைக்கச் சொல்லுங்க, வாயால சொன்னா "எல்லாரும் அப்படித்தான்"னு முடிச்சிடுவாங்க, தாள்ல இருந்தா அப்படி தட்டிவிட முடியாது.

கேள்வி: நர்ஸ் எண்ணிக்கைய சட்டம் போட்டு கட்டாயம் ஆக்க முடியாதா? பணத்துக்கு எங்க போவாங்க?

பதில்: முடியும், பண்ணியிருக்காங்க. கலிஃபோர்னியாவுல 1999ல சட்டம் போட்டு 2004லேருந்து நடைமுறைக்கு வந்துச்சு, ஐசியூவுல ஒரு நர்சுக்கு ரெண்டு நோயாளிக்கு மேல இருக்கக்கூடாது, சாதாரண வார்டுல அஞ்சு. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாகாணம் 2016ல கொண்டு வந்துச்சு, அந்த ஆஸ்பத்திரிகள்ல சாவு குறைஞ்சுது, டிஸ்சார்ஜ் ஆனவங்க திரும்ப வந்து சேர்றது குறைஞ்சுது, நோயாளி சீக்கிரம் வீட்டுக்கு போனதால மிச்சமான பணம், கூடுதல் நர்சுக்கு ஆன செலவ மாதிரி ரெண்டு மடங்குன்னு 2021ல ஆய்வு வந்துச்சு. பணம் இல்லனு சொல்றவங்க இந்தக் கணக்க பாத்துட்டு பேசணும். ஆனா ஒண்ணு, சட்டம் மட்டும் போட்டுட்டு ஆளை எடுக்காம விட்டா பெட்ட மூடுவாங்க, நோயாளி வாசல்ல நிப்பான். ரெண்டும் சேந்து நடக்கணும்.

கேள்வி: நான் வார்டுல துப்புரவு வேலை. டாக்டர், நர்ஸ் பத்திதான் எல்லாரும் எழுதறாங்க. போன வாரம் குப்பை எடுக்கும்போது ஊசி கையில குத்திடுச்சு, சூப்பர்வைசர் சோப்பு போட்டு கழுவிட்டு வேலைய பாருன்னுட்டார்.

பதில்: அக்கா, உங்க கடிதத்த படிச்சுட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வரல. நீங்க இல்லாம அந்த வார்டு ஒரு நாள் ஓடாது, ஆபரேஷன் பண்ண புண்ணுல சீழ் வைக்காம காப்பாத்தறதுல பாதி உங்க கை வேலை. சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவினது சரி, ஆனா அதோட விட்டது தப்பு. ஊசி குத்தினா எச்ஐவி வராம தடுக்கற மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, 28 நாள் சாப்பிடணும். உங்களுக்கு அந்த நேரம் தாண்டிடுச்சு, பரவாயில்ல, அதுக்காக சும்மா இருந்துடாதீங்க. நாளைக்கே போய் எச்ஐவி, கல்லீரலைத் தாக்கற ஹெபடைடிஸ் பி, சி மூணுக்கும் ரத்தம் டெஸ்ட் கொடுங்க, டாக்டர் சொல்ற தேதியில திரும்பவும் கொடுங்க. இப்படி குத்தினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எதுவும் வர்றதில்ல, அதனால பயந்து ஒளிச்சு வைக்காதீங்க. ஊசி குத்தினத ரிஜிஸ்டர்ல எழுதச் சொல்லி கேளுங்க, நீங்க காண்ட்ராக்ட் கம்பெனி ஆளா இருந்தாலும் எழுதியே ஆகணும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இதுவரைக்கும் போடலனா இப்பவே ஆரம்பிங்க, மூணு டோஸ், முதல் ஊசி போட்டு ஒரு மாசத்துல ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது. உங்க கூட வேலை பாக்கற எல்லாரையும் கூட்டிட்டு போங்க.