1260 கிரேடு பிளாங்கெட் 1150-லேயே ஏன் பிளந்தது?

கேள்வி: எங்கள் உலை 1150 டிகிரி செல்சியஸில் தினமும் ஓடுகிறது. உள்சுவரில் 25 மி.மீ. செராமிக் ஃபைபர் பிளாங்கெட்டை (சூடு தாங்கும் பஞ்சு விரிப்பு) ஆறு அடுக்காகப் போட்டிருந்தோம். 1260 டிகிரி கிரேடு, 128 டென்சிட்டி (கன மீட்டருக்கு 128 கிலோ). ஒரே வருடத்தில் வெளித் தகட்டில் கோடு கோடாகப் பெயிண்ட் கருகிவிட்டது. 160 டென்சிட்டி போட்டால் சரியாகும் என்கிறார் சப்ளையர். போடலாமா? பழையதைப் பிரிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: 160 போட்டாலும் அடுத்த வருடம் இதே கோடுகள் வரும். அதே ஃபைபரைக் கொஞ்சம் நெருக்கமாக அடைத்ததுதான் 160. உறுதி கூடும், வெப்பம் கடப்பது சற்றுக் குறையும், ஆனால் ஃபைபரின் வேதிப்பொருள் மாறாது. உங்கள் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

கோடு கோடாகக் கருகியது என்று நீங்கள் எழுதியதே பாதி விடை. பிளாங்கெட் சுருங்கி ஜாயின்ட் திறந்தால்தான் அப்படி நேர்கோடாக வரும். வட்ட வட்டமாகக் கருகினால் ஆங்கரை, அதாவது பிளாங்கெட்டைத் தகட்டோடு பிடித்து வைக்கும் கம்பியைச் சந்தேகிக்கலாம். தகடு முழுக்க ஒரே சீராகச் சூடேறினால் மொத்தத் தடிமன் போதவில்லை.

1260 என்பது வகைப்படுத்தும் வெப்பநிலை. அந்தச் சூட்டில் 24 மணி நேரம் வைத்துச் சுருக்கத்தை அளப்பார்கள். ஐரோப்பியத் தர முறையில் 4 சதவீதம் வரை அனுமதி உண்டு. தினமும் ஓடும் உலைக்கு அதைவிட 150 டிகிரியாவது குறைத்துக் கணக்குப் போடுவதே என் வழக்கம். நீங்கள் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறீர்கள். பர்னர் தீ நேராகப் படும் சுவரில் தெர்மோகப்பிள் (உலையின் சூட்டை அளக்கும் கருவி) காட்டுவதைவிடச் சூடு அதிகமாகவே இருக்கும். 610 மி.மீ. அகல பிளாங்கெட் 3 சதவீதம் சுருங்கினால் 18 மி.மீ.; ஒரு விரலே நுழையும் இடைவெளி. வெப்பம் அதன் வழியாக நேரே தகட்டுக்குப் போய்விடும்.

சரி, என்ன போடலாம்? நெருப்பைப் பார்க்கும் முதல் இரண்டு அடுக்குக்கு மட்டும் சிர்கோனியா கலந்த 1430 கிரேடு போடுங்கள். பின்னால் உள்ள நான்கு அடுக்குக்கு 1260 தாராளமாகப் போதும், 50 மி.மீ. தாண்டினாலே சூடு 1000-க்குக் கீழே இறங்கிவிடும். ஒரு அடுக்கின் ஜாயின்ட் மேல் அடுத்த அடுக்கின் ஜாயின்ட் வரக்கூடாது. விளிம்புகளை முட்டவிட்டால் மட்டும் போதாது, அழுத்தி நெருக்கிப் பொருத்துங்கள், சுருங்கும்போது அந்த இறுக்கம் ஈடுகட்டும். செலவு கூடினாலும் பரவாயில்லை என்றால், பிளாங்கெட்டை மடித்து அழுத்திக் கட்டிய மாட்யூல் இன்னும் நல்லது. பொருத்திய பின் அந்தக் கட்டு அவிழ்ந்ததும் அது விரிந்து பக்கத்து மாட்யூலை நெருக்கும், ஆங்கரும் பின்னால் மறைந்திருக்கும். பிளாங்கெட்டே போடுவதானால், ஆங்கர் முனையில் பிளாங்கெட்டைப் பிடிக்கும் வாஷர் நேராக நெருப்பைப் பார்ப்பதால் 1150-க்கு சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆங்கரை நம்ப வேண்டாம். செராமிக் ஆங்கர் கேளுங்கள்.

இன்னொன்று, ஃபர்னஸ் ஆயில் எரிப்பவர்கள் எண்ணெயின் வெனடியம், சோடியம் அளவையும் பார்க்க வேண்டும். அவை ஃபைபரை அரித்து, சொன்ன சூட்டுக்கு முன்பே கெடுத்துவிடும்.

பிரிப்பதைப் பற்றி நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம். புது பிளாங்கெட்டை விரலால் அமுக்கினால் மெத்தைபோல எழும்பும். உங்கள் உலையின் உள்பக்க அடுக்கை அமுக்கிப் பார்த்தால் மொரமொரவென்று நொறுங்கித் தூளாகும். 1000 டிகிரிக்கு மேல் பல மாதம் கிடந்த ஃபைபரில் கிரிஸ்டோபலைட் என்ற படிகச் சிலிக்கா உருவாகிறது. சுவாசிக்கும் படிகச் சிலிக்கா தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புது ஃபைபரும் ‘உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில்தான் இருக்கிறது.

அதனால் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஆட்களை உள்ளே அனுப்பாதீர்கள். நுண் தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 தர மாஸ்க், கண்ணாடி, கையுறை, முழு உடை வேண்டும். உலை நன்றாக ஆறியதும் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு பிரித்து, அங்கேயே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். கம்ப்ரெஸ்ஸர் காற்று அடித்துச் சுத்தம் செய்யவே கூடாது; நுண் தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் வையுங்கள். புதியதை வெட்ட கத்தி போதும், மெஷின் ரம்பம் வேண்டாம்.

புது லைனிங் போட்டு ஒரு மாதம் ஓடியதும் உலையை ஆறவைத்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் 1430 கிரேடு துண்டை மடித்து இறுக்கித் திணியுங்கள். மாஸ்க் அன்றைக்கும் வேண்டும்.