90 புள்ளிகள் கீழே, 76 புள்ளிகள் மேலே: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் இரண்டாம் நிலைக் கால்பந்து லீகான சாம்பியன்ஷிப்பின் பிளே-ஆஃப் இறுதிப் போட்டி 2025 மே 24 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்தது. அதை எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். 90 புள்ளிகள் எடுத்திருந்த ஷெஃபீல்ட் யுனைடெட் இருந்த இடத்திலேயே நிற்க, 76 புள்ளிகள் எடுத்த சண்டர்லேண்ட் மேல்நிலை லீகான பிரீமியர் லீகுக்குப் போய்விட்டது. ஓர் ஆண்டு உழைப்பை ஒரே ஆட்டத்தில் பறிப்பது நியாயமா?
- வாசகர், புளியந்தோப்பு

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. இருந்தாலும் இந்த முறை நியாயமானது என்பதே என் கருத்து. சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள் தலா 46 ஆட்டங்கள் ஆடுகின்றன. முதல் இரண்டு இடங்களுக்கு வரும் அணிகள் நேராக மேலே போய்விடும். அந்த ஆண்டு லீட்ஸ், பர்ன்லி இரண்டும் தலா 100 புள்ளிகளோடு போயின. எஞ்சிய ஒரே இடத்துக்கு, மூன்றாவது முதல் ஆறாவது வரை வந்த நான்கு அணிகளும் மோத வேண்டும் என்பது, ஆகஸ்டில் முதல் பந்தை உதைக்கும் முன்பே எல்லா அணிகளுக்கும் தெரிந்திருந்த விதி. ஆகவே ஷெஃபீல்டின் 90 புள்ளிகள் வாங்கித் தந்தது மூன்றாம் இடத்தைத்தான். அதற்குரிய பலனாக, ஆறாவதாக வந்த பிரிஸ்டல் சிட்டி அரையிறுதியில் எதிரணியாகக் கிடைத்தது; அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களில் இரண்டாவது சொந்த மைதானத்தில் அமைந்தது. இரண்டையும் 3-0 என்ற கணக்கில் வென்றார்கள். ஆனால் வெம்பிளி இரு அணிகளுக்கும் பொதுவான மைதானம். அங்கே 14 புள்ளி இடைவெளிக்கு எந்த மதிப்பும் இல்லை. மூன்றாவதாக வந்த அணிக்கு இன்னும் சற்றுக் கூடுதலான பலன் தரலாம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

சண்டர்லேண்டுக்கும் எதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. லீகின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தோற்றுவிட்டு பிளே-ஆஃபுக்கு வந்த அணி அது. கவென்ட்ரியுடனான அரையிறுதியில், கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டிக்குப் போகவிருந்த நிலையில், டேனியல் பலார்டு தலையால் முட்டிய பந்துதான் அவர்களை வெம்பிளிக்குக் கொண்டுவந்தது. இறுதியில் டைரீஸ் காம்ப்பெல் ஷெஃபீல்டை முந்த வைத்தார். அடுத்து ஹாரிசன் பர்ரோஸ் அடித்த கோலை, கோல் கீப்பரின் பார்வையை மறைத்தபடி ஒருவர் ஆஃப்சைடில் நின்றார் என்று வீடியோ நடுவர் முறை ரத்துசெய்தது. அந்த 46 லீக் ஆட்டங்களிலும் இல்லாத வீடியோ நடுவரை, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அந்த ஒரே ஆட்டத்தில் மட்டும் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அன்றைய முடிவு சரியானதே என்றாலும், புள்ளிக் கணக்கைவிட எனக்கு உறுத்துவது இதுதான். பிறகு 76-வது நிமிடத்தில் எலியேசர் மயெண்டா சமன்செய்ய, 95-வது நிமிடத்தில் 19 வயது டாம் வாட்சன் வெற்றி கோலை அடித்தார். பிரைட்டன் அணிக்குப் போக முன்பே ஒப்புக்கொண்டிருந்த அந்த இளைஞர், தான் வளர்ந்த அணிக்கு ஆடிய கடைசி ஆட்டம் அது.

நம் ஊருக்கே வருவோம். 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையைச் சென்னையின் எஃப்.சி. வென்றபோது, புள்ளிப் பட்டியலில் 40 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்தது பெங்களூரு. நமக்கு இருந்தவை 32. அவர்கள் மைதானத்திலேயே அவர்களை 3-2 என்று தோற்கடித்தோம். அந்தக் கோப்பை நமக்கு உரியது என்றால், சண்டர்லேண்டின் இடமும் அவர்களுக்கு உரியதுதான்.

கேள்வி: இந்த பிளே-ஆஃப் முறை எப்போது, எதற்காக வந்தது?
- வாசகர், ராயபுரம்

பதில்: 1986-87 பருவத்தில் வந்தது. அப்போது மேல்நிலை லீகாக இருந்த முதல் டிவிஷனில் 22 அணிகள் இருந்தன. அவற்றை 20 ஆகக் குறைக்கும் ஏற்பாட்டோடு சேர்ந்து இதைக் கொண்டுவந்தார்கள். அதனால் முதல் இரண்டு ஆண்டுகளில் மேல் டிவிஷனின் ஓர் அணியும் இதில் ஆட வேண்டியிருந்தது. 1988-இல் செல்சி மிடில்ஸ்பரோவிடம் தோற்றுக் கீழே இறங்கியது இப்படித்தான். வெம்பிளியில் ஒரே இறுதி ஆட்டம் என்ற வழக்கம் 1990-இல் தொடங்கியது. அந்த முதல் இறுதியில் சண்டர்லேண்டை வென்ற ஸ்விண்டன், கணக்கு முறைகேடுகளுக்காக இடத்தை இழக்க, தோற்ற சண்டர்லேண்டே மேலே போனது.

கேள்வி: இப்படிக் கீழிருந்து மேலே போகும் வழி நம் நாட்டில் உண்டா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: ஐ.எஸ்.எல்.-க்கு அடுத்த நிலையில் இருந்த ஐ-லீகில் முதலிடம் பெறும் அணி ஐ.எஸ்.எல்.-க்குப் போகும் வழி 2022-23 பருவத்தில் திறந்தது. பஞ்சாப் எஃப்.சி. அவ்வாறு போயிற்று, அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் போயிற்று. ஆனால் ஐ.எஸ்.எல். பட்டியலில் கடைசியாக வந்த அணி அந்த ஆண்டுகளில் கீழே இறங்கவில்லை. இறங்கும் பயம் இல்லாத பட்டியலில் பின்வரிசை அணிகளின் பிப்ரவரி, மார்ச் மாத ஆட்டங்கள் உயிரில்லாமல் போனதைப் பார்க்க வேதனையாக இருந்தது. 2018-இல் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்த தனபால் கணேஷ் உங்கள் வியாசர்பாடியிலிருந்து போனவர். அப்படி ஆடக்கூடிய பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய கிளப்பே படிப்படியாக மேலே ஏற முடியும் என்ற நிலை வர வேண்டும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. ஏரியா டோர்னமென்ட் இறுதியில் கடைசி பெனால்டியை அவன் தவறவிட்டதால் அணி தோற்றது. இரண்டு வாரமாக கிரவுண்டுப் பக்கமே போக மறுக்கிறான். அவனிடம் நான் என்ன சொல்வது?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, அவனிடம் 1998 பிளே-ஆஃப் இறுதிப் போட்டியைச் சொல்லுங்கள். அந்த ஆண்டும் 90 புள்ளிகளோடு மூன்றாவதாக வந்த அணி ஒன்று தோற்றது. அது இதே சண்டர்லேண்ட். சார்ல்டனுடன் 4-4 என்று முடிந்து, பெனால்டியில் முதல் பதின்மூன்று உதைகளும் கோலாயின. பதினான்காவதை உதைத்தவர் மைக்கேல் கிரே, சண்டர்லேண்டிலேயே பிறந்தவர். பந்தைச் சார்ல்டனின் கோல் கீப்பர் சாஷா இலிச் பிடித்துவிட்டார். சொந்த ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அப்படித் தவறவிட்டவர் ஊரை விட்டுப் போகவில்லை. அடுத்த பருவத்தில் அதே அணிக்காக, அதே இடது தற்காப்பு இடத்தில் ஆடினார். சண்டர்லேண்ட் 105 புள்ளிகளோடு பட்டியலில் முதலிடம் பெற்று, பிளே-ஆஃபே தேவைப்படாமல் மேலே போனது. 1999 ஏப்ரலில் கிரே இங்கிலாந்து அணிக்காகவும் களமிறங்கினார்.

இதை நீங்கள் சொல்வதோடு, அவனுடைய அணித் தலைவனை ஒரு மாலையில் வீட்டுக்கு வரச் சொல்லி, அவனைக் கையோடு கிரவுண்டுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.