கூடி உட்கார்ந்து யோசித்தால் யோசனைகள் ஏன் குறைகின்றன?

வடிவமைப்புக் குழுக்களில் 'பிரெயின்ஸ்டார்மிங்' என்றால், யாரையும் விமர்சிக்காமல் எல்லோரும் மனதில் பட்டதையெல்லாம் சொல்வது. அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் பரப்பிய முறை. ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தால், கூடிப் பேசிய நால்வருடையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகள் இருந்தன.

பலரும் கூச்சத்தைத்தான் காரணம் காட்டுவார்கள். அதுவும் உண்டு, ஆனால் பெரிய காரணம், பேசத் தன் முறை வரும்வரை காத்திருப்பது. தெருக்குழாயடியில் நாலு குடம் இருந்தாலும் தண்ணீர் ஒரு குடத்தில்தான் விழும். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் தன் யோசனையை மறக்காமல் பிடித்துக்கொண்டிருப்பார். புதிதாக எதுவும் தோன்றாது. போதாததற்கு, முதலில் பேசியவர் "நாற்காலிக்குச் சக்கரம் வைக்கலாம்" என்றால் அடுத்த பத்து நிமிடப் பேச்சும் சக்கரத்தையே சுற்றும். அவர் மேலாளராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மாற்று, 6-3-5 முறை. 6 பேர், ஆளுக்கொரு தாள், 5 நிமிடத்தில் 3 யோசனை. பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுங்கள். அவர் அதைப் படித்துவிட்டுக் கீழே இன்னும் 3 எழுதுவார். ஆறு சுற்று, அரை மணி நேரம், அதிகபட்சம் 108 யோசனைகள். கையெழுத்து புரியாமல் போவதுதான் வழக்கமான தொல்லை. பெரிய எழுத்தில் ஒரு வரி, முடிந்தால் சின்னதாக ஒரு படம்.

அப்படியானால் பேச்சே வேண்டாமா என்றால், இல்லை: எதை எடுப்பது, எதை எதோடு சேர்ப்பது என்று முடிவுசெய்யும் கட்டத்தில் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும், காரசாரமாகவே.